நாயிடம் நன்றி கேட்காதீர்கள்

நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். ‘நாயே’ என்பதை வசைச்சொல்லாக நாவின் நுனியில் வைத்திருப்பவர்களும் நாமே. புகழ்ச்சியும் இகழ்ச்சியும் எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நாய் என்பது நமக்காக இருக்கவேண்டிய ஒன்று என்பதே அந்த வேர். வாலாட்டினால் பாராட்டு, வாலாட்டாவிட்டால் கல்லடி. அதற்கென்று ஓர் உள்ளம் உண்டு, அவ்வுள்ளத்தில் அச்சமும் நினைவும் தங்கும் என்பதை நம் புகழுரையும் ஒப்புக்கொள்வதில்லை; வசையும் ஒப்புக்கொள்வதில்லை.

இந்த மனப்போக்கின் விளைவைக் காண வேண்டுமானால், கைவிடப்பட்ட நாய்களை மீட்டுப் பேணுவோரிடம் சற்று நேரம் பேசினால் போதும். இரக்கம் மேலிட ஒருவர் ஒரு நாயை வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். பத்து நாள் கழித்து அதைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். “கூப்பிட்டால் வருவதில்லை, கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, வீட்டுக்குள்ளேயே மலம் கழிக்கிறது, சோறு வைத்த கையைப் பார்த்தே உறுமுகிறது, நன்றி கெட்ட நாய்” என்பது அவர் தரப்பு. இத்தீர்ப்பு அநீதியானது என்பதே என் வாதம். நன்றி என்பது நன்மை செய்தவர்க்கு உரியது. பட்டினி போட்டவனும் மனிதன், சங்கிலியில் கட்டியவனும் மனிதன், தெருவில் இறக்கிவிட்டுப் போனவனும் மனிதன். அந்த மனிதரில் ஒருவர் பின்னர் ஒரு தட்டுச் சோறு வைக்கும்போது, அது கொடை ஆகாது. பட்ட கடனின் முதல் தவணை அது. முதல் தவணை கட்டும்போதே நன்றி கேட்கும் கடனாளியை எந்த ஊரில் கண்டோம்?

புறக்கணிப்பு என்றதும் சாக்கடையோரம் சொறி பிடித்துக் கிடக்கும் தெருநாய் ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் மதிப்புக்குரிய வீடுகளின் பின்கட்டிலும் புறக்கணிப்பு வாழ்கிறது. குட்டியாய் இருந்தபோது பிள்ளைகள் கொஞ்சி விளையாடிய நாய், வளர்ந்து குரைக்கத் தொடங்கியதும் கொல்லைப்புறத் தூணுக்குப் போகிறது. இரண்டு முழச் சங்கிலியே அதன் உலகம். உண்பதும் உறங்குவதும் மலம் கழிப்பதும் அந்த வட்டத்துக்குள்தான். நாய் இயல்பாகவே தான் படுக்கும் இடத்தை அசுத்தப்படுத்தாத விலங்கு. அந்த இயல்பையும் சங்கிலி மறக்கச் செய்துவிடுகிறது. சிமெண்டுத் தரையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து முழங்கைகள் காய்த்துப்போகின்றன. குட்டியில் மாட்டிய கழுத்துப்பட்டையை யாரும் தளர்த்தாததால், அது வளர்ந்த கழுத்தின் தோலை அறுத்து உள்ளே புதைந்து, புண்ணாகிப் புழு வைப்பதும் உண்டு. இவர்கள் யாரும் தம்மைக் கொடியவர் என்று எண்ணுவதில்லை. ‘நாய் வளர்க்கிறோம்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

விலைக்கு வாங்கிய நாய்க்கும் இந்த நாட்டில் உறுதியான வாழ்வு இல்லை. ‘சாதி நாய்’ என்று தேடிப் போகிறோம். மனிதரைப் பிரித்தது போதாதென்று நாய்க்கும் சாதி பார்க்கிறோம். அந்தச் சாதிக் குட்டிகளை ஈன்று தரும் தாய் நாயின் கதி என்ன என்று வாங்குவோர் கேட்பதில்லை. ஒரு பெண் நாய் தன் வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேல் ஈனச் செய்யப்படலாகாது என்று 2017 ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் வரம்பு கட்டின. விதி எழுதவேண்டி வந்தது என்பதே நடந்ததைச் சொல்லும். மடி தொங்கி, பல் தேய்ந்து, இனி ஈனாது என்றானபின் ஒரு விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிடப்படும் தாய் நாய்களை மீட்போர் நன்கு அறிவர்.

சட்டம் இவற்றை அறியாமலில்லை. 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நாயை நியாயமற்ற நேரம் குறுகிய சங்கிலியில் கட்டி வைப்பதையும், வழக்கமாகக் கட்டி வைக்கப்படும் நாயை நடமாட விடாமல் வைத்திருப்பதையும், உணவும் நீரும் தராதிருப்பதையும், கைவிடுவதையும் குற்றங்களாகவே வகுத்தது. முதற்குற்றத்துக்கு அது விதித்த தண்டனை பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மிகாமலும் அபராதம். ஓர் உயிரின் சிறைவாசத்தை ஐம்பது ரூபாய்க்குள் கணக்குத் தீர்க்கும் சட்டத்துக்கு எவர் அஞ்சுவார்? சட்டம் கைவிட்ட இடத்தை மனச்சான்றுதான் நிரப்பவேண்டியிருக்கிறது.

இனி அந்த மனச்சான்று எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். கைப்பேசியில் இரண்டு நிமிடப் படம் ஒன்று பார்க்கிறோம். சாக்கடையில் எலும்பும் தோலுமாய் ஒரு நாய். அடுத்த காட்சியில் சோப்பு நுரையில் குளியல். அதற்கடுத்துக் கழுத்தில் சிவப்பு நாடாவுடன் புல்வெளியில் ஓட்டம். கண்கலங்கிப் பாராட்டுகிறோம். இரண்டாம் காட்சிக்கும் மூன்றாம் காட்சிக்கும் இடையே கழிந்த மாதங்களைப் படம் காட்டவில்லை. மறுவாழ்வு என்பது அந்தக் காட்டப்படாத மாதங்களேயன்றி வேறில்லை.

முதலில் உடம்பைப் பாருங்கள். நெடுநாள் பட்டினி கிடந்த நாய்க்கு இரக்கப்பட்டு வயிறு நிறையச் சோறு வைத்தால் அந்த இரக்கமே அதைக் கொன்றுவிடக்கூடும். திடீரென உணவு மிகும்போது இரத்தத்திலுள்ள உப்புகளின் சமநிலை குலைந்து இதயம் நின்றுபோகலாம். 1945 இல் நாசி வதைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டோரில் பலர், தாளமுடியாத அளவு உணவு கொடுக்கப்பட்டதால் மாண்டனர். மனித குலம் அன்று கண்ணீரோடு கற்ற பாடம் இது. எனவே சிறிது சிறிதாக, நாளொன்றுக்குப் பலமுறை, மருத்துவர் சொல்லும் அளவில் ஊட்டவேண்டும். உண்ணியால் வரும் காய்ச்சல் இருந்தால் ஏறத்தாழ நான்கு வாரம் மாத்திரை தவறக்கூடாது. சொறிக்குத் தோலைச் சுரண்டி ஆய்வு செய்து, எந்தச் சிற்றுயிரால் வந்ததெனக் கண்டு மருந்திட வேண்டும். வேப்பெண்ணெயைத் தடவிவிட்டுக் கடமை முடிந்ததென்று கைகழுவ முடியாது. குடற்புழு நீக்கம், தடுப்பூசிகள், கருத்தடை ஆகியவை அடுத்தடுத்து வரும். வீட்டில் வேறு நாய் இருந்தால் புதியதைச் சில வாரம் தனித்து வைத்திருக்கவும் வேண்டும்.

உடம்பைவிட உள்ளம் மெதுவாகத் தேறும். 1967 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்னும் உளவியலார் நாய்களைக் கொண்டு ஆய்வு நடத்தினர். என்ன செய்தாலும் தப்பமுடியாதபடி மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்களைப் பின்னர் எளிதாகத் தப்பக்கூடிய பெட்டியில் விட்டபோது, அவற்றுள் பெரும்பாலானவை தப்ப முயலவே இல்லை, படுத்து முனகின. அந்த ஆய்வின் கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதன் தொடர்ச்சியில் தெரியவந்ததை மறக்கலாகாது. கழுத்துவாரைப் பிடித்துத் திரும்பத் திரும்ப அப்பக்கம் இழுத்துச் சென்று காட்டிய பிறகே அந்நாய்கள் தாமாகத் தப்பக் கற்றன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2016 இல், அவ்விருவரும் தம் கருத்தையே திருத்திக்கொண்டார்கள். நீண்ட துன்பத்தில் செயலிழந்து கிடப்பது உயிரின் இயல்பான எதிர்வினை. ‘என் செயலால் என் நிலை மாறும்’ என்பதுதான் கற்றறிய வேண்டியது என்றனர்.

கட்டிலுக்கு அடியில் கிடக்கும் நாயின் கதை இதுவே. கதவு திறந்திருப்பதை அது காண்கிறது. திறந்த கதவால் தனக்கு ஏதும் நடக்கும் என்று அது நம்பவில்லை. அந்த நம்பிக்கையைக் கற்பிக்கக் குறுக்கு வழி கிடையாது. ஒரே நேரத்தில் உணவு, ஒரே இடத்தில் படுக்கை, ஒரே குரல். சோற்றை வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். கண்ணோடு கண் நோக்கக்கூடாது. தலைக்கு மேலாகக் கை நீட்டக்கூடாது. அதுவாக வரும்வரை பக்கவாட்டில் அமர்ந்திருக்க வேண்டும். உறுமினால் அடிக்கக்கூடாது. உறுமல் என்பது அது தரும் எச்சரிக்கை. எச்சரித்ததற்காக அடிபட்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். மூன்று நாளில் திகைப்பு தணியலாம், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் புரியலாம், மூன்று மாதத்தில் இது தன் வீடு என்று தோன்றலாம் என்று அனுபவமுள்ளோர் ஒரு கணக்குச் சொல்வார்கள். பத்தாம் நாளில் நன்றியில்லை என்று தீர்ப்பளிப்பவர், விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறி முளையைத் தேடுபவரை ஒத்தவர்.

இவ்வளவு பாடுபட்டும் பயன் உண்டா என்று கேட்போருக்கு ஒரு சான்று. 2007 இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக் என்பவரின் வர்ஜீனியாப் பண்ணையில் நாய்ச் சண்டைக்கென வைத்திருந்த சுமார் ஐம்பது பிட்புல் நாய்கள் கைப்பற்றப்பட்டன. இவற்றைத் திருத்த முடியாது, கொன்றுவிடுவதே கருணை என்று பெயர்பெற்ற விலங்கு நல அமைப்புகளே கூறின. நீதிமன்றம் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு நாயையும் தனித்தனியே ஆராயச் செய்தது. மூர்க்கம் காரணமாகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. இருபத்திரண்டு நாய்கள் யூட்டா மாநிலத்துக் காப்பகம் ஒன்றுக்கும், எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை வளர்ப்பு இல்லங்களுக்கும் சென்றன. அவற்றின் பராமரிப்புக்காக 9 லட்சம் டாலருக்கு மேல் குற்றவாளியே செலுத்தவேண்டியதாயிற்று. வந்தபோது அவற்றில் பல சீறவில்லை. தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்து நடுங்கின. அவற்றுள் சில பின்னாளில் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் நாய்களாயின. சண்டை நாய் என்று உலகம் பெயரிட்டதன் உள்ளே அஞ்சிய ஓர் உயிர் இருந்தது. அதைக் கண்டவர்கள் அவசரப்படாதவர்களே.

எதிர்வாதங்களுக்கு வருவோம். “மனிதன் பசித்திருக்க நாய்க்குப் பாலா?” என்பது முதலாவது. நியாயமான கேள்வி. மனிதத் துயர் நீக்கச் செலவிட வேண்டியதை விலங்குக்குச் செலவிடலாகாது, மனிதருக்கே உரிய அன்பை அதன்மீது திருப்பலாகாது என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் கற்பிக்கிறது. ஆனால் தேவையின்றி விலங்கைத் துன்புறச் செய்வது மனித மாண்புக்கே முரண் என்று அதே இடத்தில் அது கூறுவதை இக்கேள்வி கேட்போர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பட்டுக் குஞ்சம் கட்டி நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுவதை நான் ஆதரிக்கவில்லை. மிஞ்சிய சோறும் மாலை நேரத்தில் அரைமணியும் ஏழையின் பங்கிலிருந்து எடுக்கப்படுபவை அல்ல. கொல்லையில் நாயைக் கட்டிப்போட்டிருப்பவர் அதனால் மிச்சமான நேரத்தை ஏழைக்குக் கொடுத்துவிட்டாரா?

“கடித்தால் யார் பொறுப்பு?” என்பது இரண்டாவது. இதை எள்ளி ஒதுக்க எனக்குத் துணிவில்லை. ரேபிஸ் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே மீட்புப் பணியில் இறங்குவோர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கடிபட்டால் உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முன்பின் அறியாத நாயைச் சிறு குழந்தை உள்ள வீட்டில் வைக்கலாகாது. ஒரு நாயின் கடித்த வரலாற்றை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவது பாவம். ஆனால் இவை எச்சரிக்கையுடன் செய்வதற்கான காரணங்கள். செய்யாதிருப்பதற்கான சாக்குகள் அல்ல.

“அரசு காப்பகம் கட்டட்டும்” என்பது மூன்றாவது. 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லிப் பகுதித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதினொரு நாளில், ஆகஸ்ட் 22 அன்று, மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, ரேபிஸ் தொற்றோ மூர்க்கமோ இல்லாதவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நாடெங்கும் தெருவா, கூண்டா என்று சண்டை மூண்டது. அதே ஆணையில் இருந்த இன்னொரு வழி யார் காதிலும் விழவில்லை. விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பித்து நாயைத் தத்தெடுக்கலாம், அது மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது அவர் பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியிருந்தது. தெருவுக்கும் கூண்டுக்கும் இடையே வீடு என்று ஒன்று இருக்கிறது. வாதாடிய இரு தரப்பாரிலும் தம் வீட்டுக் கதவைத் திறக்க முன்வந்தோர் எத்தனை பேர்?

வாழ்நாள் முழுதும் பேண இயலாதவர்க்கும் வழி உண்டு. நிரந்தர இல்லம் கிடைக்கும்வரை இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஒரு நாயைத் தம் வீட்டில் வைத்துத் தேற்றி அனுப்பும் தற்காலிக வளர்ப்பே அது. காப்பகத்தின் நூறு குரைப்புக்கு நடுவே அச்சம் தெளியாத நாய் ஓர் அமைதியான வீட்டுத் திண்ணையில் தெளிந்துவிடும். ஆனால் இப்பணியில் நன்றிக்கு முற்றிலும் இடமில்லை. நாய் அவரை நம்பத் தொடங்கும் வேளையில் அவர் அதைப் பிறர் கையில் ஒப்படைக்கவேண்டும். அது வாலாட்டப்போவது வேறொரு வாசலில். பலன் கருதாப் பணி என்று மேடைதோறும் பேசுகிறோமே, அதைப் பயில இதைவிட எளிய பள்ளி ஏது?

தோபித்து நூலில் ஒரு நாய் வருகிறது. இளைஞன் தோபியா வானதூதர் இரபேலுடன் நெடும்பயணம் புறப்படுகையில் அதுவும் உடன் போகிறது. திரும்புகையில் உடன் வருகிறது. அது காவல் காத்ததாகவோ, எவரையும் காப்பாற்றியதாகவோ, எசமானுக்கு நன்றி காட்டியதாகவோ நூல் எதுவும் கூறவில்லை. அது உடன் சென்றது, அவ்வளவே. அதை எவரும் விரட்டவும் இல்லை.

நாம் கற்கவேண்டியதும் அவ்வளவே. உங்கள் கொல்லையில் சங்கிலி இருந்தால் இன்றே அவிழ்த்து, நாளொன்றுக்கு இருமுறை நாயை நடத்திச் செல்லுங்கள். குட்டி வாங்க எண்ணியிருந்தால் விற்பனையாளரைத் தேடாமல் காப்பகத்துக்குச் செல்லுங்கள். அங்கே மூலையில் முகம் திருப்பிக் கிடக்கும் ஒன்றை அழைத்து வந்தால், மூன்று மாதம் அதனிடம் எதையும் கேளாதீர்கள். ஒருவேளை அதற்குப் பிறகும் அது வாலாட்டாமலே இருக்கலாம்; உங்கள் காலடி ஓசைக்கு நடுங்காமல் உறங்கக் கற்றிருக்கும். உங்கள் கடனில் ஒரு பகுதி தீர்ந்தது என்பதற்கு அந்த உறக்கமே பற்றுச்சீட்டு.