எண்பதாவது எழுத்து

எழுதிக்கொண்டே போகிறீர்கள். வரி முடிந்ததும் பேனா அடுத்த வரிக்கு இறங்காமல், அதே வரியின் ஆரம்பத்துக்கே ஓடிவந்து, எழுதியதன் மேலேயே எழுதினால் எப்படி இருக்கும்?

செஞ்சியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் என் உறவுக்காரப் பையனுக்கு நேர்ந்த அவஸ்தை இதுதான். கடைக்காரர் ஒருவரின் திரையில்லாத சின்னக் கம்ப்யூட்டரை, ஸீரியல் கம்பி வழியாகத் தன் லாப்டாப்போடு சேர்த்துக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தான். எண்பது எழுத்தைத் தாண்டியதும் கட்டளையின் தலைப்பாகம் அழிந்துபோயிற்று. அதுவோ எதையோ அழிக்கும் கட்டளை! அழியப் போவது பழைய குப்பையா, கடைக்காரரின் கணக்கா என்று திரையைப் பார்த்தால் தெரியவில்லை.

"என்டர் தட்டிடட்டுமா, மாமா?"

"தட்டாதேடா! கண்ட்ரோல்-ஸி போடு முதலில்!"

சங்கதி என்னவென்றால், ஸீரியல் இணைப்புக்கு அடிப்படையில் மூன்றே கம்பிதான்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, பூமிக் கம்பி ஒன்று. எழுத்துகள் போகும், ஜன்னலின் அகலம் போகாது. எஸ்.எஸ்.ஹெச். வழியே போனால் அந்தச் சேதியும் கூடவே போய்விடும். இங்கே அந்த மரியாதை கிடையாது. ராஜகிரி உச்சியிலிருந்து ஒருவன் கொடியசைத்துச் சேதி சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியில் அதை எழுதிக்கொள்கிறவன் கையில் இருக்கும் ஓலையின் நீளம் இவனுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே எதிர்ப்பக்கம், எதற்கும் இருக்கட்டும் என்று அனேகமாக 80 பத்தி, 24 வரி என்று வைத்துக்கொள்கிறது. 1978-ல் வந்த வி.டி.100 டெர்மினலின் அளவு அது. ஐ.பி.எம். 1928-ல் கொண்டுவந்த துளை அட்டைக்கும் 80 பத்திதான். தாத்தா சட்டையைப் பேரன் போட்டுக்கொண்ட கதை!

வைத்தியம் சுலபம். எஸ்.டி.டி.ஒய். என்ற கட்டளையில் உங்கள் ஜன்னலின் வரி, பத்திக் கணக்கைச் சொல்லிவிட வேண்டியது. 'ரீஸைஸ்' என்ற நிரல் இருந்தால் அதுவே அளந்துகொள்ளும். அது அளக்கும் விதம் வெகு ரஸமானது. கர்ஸரை 999-ஆவது வரி, 999-ஆவது பத்திக்குப் போ என்று விரட்டும்; அது மூலையில் முட்டிக்கொண்டு நின்றதும், "இப்போது எங்கேயப்பா இருக்கிறாய்?" என்று கேட்கும்! ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினால் மறுபடியும் அளக்கத்தான் வேண்டும்.

பையன் அளவைச் சரிசெய்து, கட்டளையை மறுபடி அடித்தான். இந்தத் தடவை முழுசாகத் தெரிந்தது. பெயரின் நடுவே, இருக்கக் கூடாத இடத்தில் ஓர் இடைவெளி! தட்டியிருந்தால் கணக்குப் பெட்டி முழுவதும் போயிருக்கும். அவன் முகம் வெளுத்துவிட்டது.

திரை முழுவதும் புரியாத கிறுக்கலாக வந்தால் அது வேறு வியாதி: வேகம் ஒத்துப்போகவில்லை. ஒரு பக்கம் 9600, மறுபக்கம் 1,15,200 என்று இருக்கும். தட்டுகிற எழுத்தே தெரியாமல் போனால், பதறாமல் 'எஸ்.டி.டி.ஒய். ஸேன்' என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டுங்கள். என்டர் விசை கேட்கவில்லையா? கண்ட்ரோலோடு ஜே.