இருபதுக்கு ஒன்று

1952 ஆகஸ்டு. கோபன்ஹேகனின் பிளெக்டாம் மருத்துவமனையில் போலியோ நோயாளிகள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தார்கள். ரத்தத்தில் மொத்த கார்பன் டை ஆக்சைடு மிக அதிகம் என்றது ஆய்வகம். அதில் பெரும்பங்கு பைகார்பனேட்தானே, காரத்தன்மை கூடிவிட்டது என்று மருத்துவர்கள் எண்ணினார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சனோ, மூச்சு போதாமல் வாயு உள்ளேயே தேங்குகிறது என்றார். பிஎச் பார்த்தபோது ரத்தம் அமிலப் பக்கம் சாய்ந்திருந்தது. தொண்டையில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்துப் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது.

ஆய்வகம் அன்று தந்த எண் சரியானதுதான். ஆனால் பிஎச்சைத் தீர்மானிப்பது விகிதம்: பைகார்பனேட் 24, கரைந்த கார்பன் டை ஆக்சைடு 1.2 மில்லிமோல், இருபதுக்கு ஒன்று.

தாங்கல் கரைசல் அதன் பிகேஏவை ஒட்டித்தான் நன்றாக வேலை செய்யும் என்று படித்தோம். பைகார்பனேட் தாங்கலின் பிகேஏ 6.1, ரத்தம் இருப்பதோ 7.4-இல். ஒரு லிட்டருக்கு 10 மில்லிமோல் அமிலம் சேர்வதாக வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், மூடிய குடுவையில் பிஎச் 6.2-க்கு விழும். நுரையீரல் வாயுவை 40 மிமீ அழுத்தத்தில் நிறுத்திவைத்தால் 7.17-இலேயே நிற்கும். சமநிலை ஓயாமல் ஒரு பக்கம் நகர, விளைந்த வாயு மூச்சில் போய்விடுகிறது.

சிரிஞ்சில் வந்த ரத்தத்துக்கு நுரையீரல் இல்லை. இதை நான் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் சொல்கிறேன். ஒருமுறை என் மேசைக்கு வந்த ஏபிஜி (தமனி ரத்த வாயு) சிரிஞ்சில் பட்டாணி அளவு காற்றுக்குமிழி, எடுத்த நேரமும் எழுதப்படவில்லை. குமிழிக்குள் வாயு தப்பினால் பிஎச் ஏறும். தாமதமானால் ரத்த அணுக்கள் குளுக்கோஸைச் சிதைத்து லாக்டிக் அமிலம் உண்டாக்க, பிஎச் இறங்கும். இரண்டும் சேர்ந்தால் அறிக்கையில் இயல்பான எண்ணே வரக்கூடும். எனக்கு மிகவும் பயம் தருவது அந்த எண்தான்.

எடுத்தவுடன் குமிழியை வெளியேற்றுங்கள், மூடுங்கள், உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுங்கள், அரை மணிக்குள் கருவியில் ஏற்றுங்கள். நேரம் குறிக்கப்படாமல் வந்த சாம்பிள் என்றால் ஐசியூவுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு மேற்கொண்டு தொடருங்கள். மீண்டும் தமனியில் குத்தச் சொல்வது எளிதல்ல. ஆனாலும், தேவைப்பட்டால் அதைச் சொல்லும் அதிகாரத்தை இரவுப் பணியில் தனியாக இருக்கும் இளம் தொழில்நுட்பருக்கு ஆய்வகத் தலைவர்கள் எழுத்தில் தர வேண்டும்.