ஓநாய்க் கலப்பு நாயை வீட்டில் வளர்க்கலாமா?

நாயும் ஓநாயும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதை விலங்கியல் பயின்றோர் அறிவர். இரண்டின் உயிரணுக்களிலும் 78 குரோமோசோம்கள் உள்ளன. இரண்டும் இணைந்தால் குட்டிகள் பிறக்கும். அக்குட்டிகள் கோவேறு கழுதையைப் போல மலடாகாமல் தாமும் இனம் பெருக்கும். இயற்கை தடுக்காத இக்கலப்புக்கு மனிதன் இன்று விலை பேசத் தொடங்கிவிட்டான். 2025-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஒருவர் ஓநாய்க் கலப்பு நாய் ஒன்றை 50 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியதாகக் கூறினார். செய்தி பல நாடுகளுக்கும் பரவிற்று. பின்னர் அமலாக்கத் துறையினர் விசாரித்து, அக்கூற்றில் உண்மை இல்லை எனக் கண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. ஆயினும் முதற்செய்தி மூட்டிய ஆசை அடங்கியதாகத் தெரியவில்லை.

கொச்சியை அடுத்து, காயல் நீர் சூழ்ந்த கும்பளங்கி ஓநாய்க்குரிய நிலம் அன்று. எனினும் சீன வலைகளும் பொக்காளி வயல்களும் உடைய அவ்வூரிலும், கைபேசித் திரையில் இந்நாயைக் கண்ட சிறுவன் தன் ஆசிரியரை அணுகி, "நாமும் ஒன்று வளர்க்கலாமா?" என்று வினவக்கூடும். வசதி படைத்த ஒருவர் குட்டியொன்றை வரவழைத்துவிட்டு, கால்நடைப் பணியாளரிடம் தடுப்பூசி கேட்டு வரவும் கூடும். அவர்களுக்கு நாம் கூற வேண்டிய விடை "வேண்டாம்" என்பதே என் கருத்து. ஆனால் காரணம் காட்டாமல் அச்சுறுத்துவதால் பயன் விளையாது. அப்பிராணியிடம் உள்ள கவர்ச்சியை முதலில் ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

அதனிடம் அழகு உண்டு. நீண்ட கால்கள், ஓசையற்ற நடை, மஞ்சள் சாயல் படிந்த கண்கள், மாலையில் எழும் நெடிய ஊளை ஆகியவற்றைக் கண்டும் கேட்டும் மயங்காதார் சிலரே. களைப்பின்றி நெடுந்தொலைவு ஓடும். தாழ்ப்பாள் திறக்கும் விதத்தை உற்றுநோக்கித் தானே திறந்துவிடும். தான் ஏற்றுக்கொண்ட ஓரிருவரிடம் அது காட்டும் பற்று மிக ஆழமானது என்று வளர்த்தவர்கள் கூறுவதில் மிகை இல்லை. வீட்டு நாய் வருவோர் போவோர் அனைவரிடமும் வாலாட்டும். இதன் அன்போ எளிதில் கிட்டாதது. கிட்டாத அன்பு கிட்டும்போது மனிதனுக்குப் பெருமிதம் உண்டாகிறது. இப்பெருமிதமே இந்நாயை நாடுவோரின் உண்மையான நாட்டம் என்று கருதுகிறேன்.

இக்கலப்பை முறைப்படி முயன்று பார்த்த நாடுகள் உண்டு. ஹாலந்து நாட்டில் லேந்தர்ட் சார்லோஸ் என்பவர், நாய்கள் மனிதனோடு வாழ்ந்து வலுவிழந்துவிட்டன எனக் கருதி, 1930-களில் ஜெர்மன் மேய்ப்பு நாயைப் பெண் ஓநாயுடன் சேர்த்தார். உரமும் உழைப்பும் மிக்க நாயை அவர் எதிர்பார்த்தார். பிறந்த பரம்பரையோ பெரும்பாலும் கூச்சமுடையதாய், புதியவரைக் கண்டால் ஒதுங்குவதாய் அமைந்தது. அவற்றுள் சில பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்கப்பட்டன. ஆயினும் ஓநாய்க் குருதி ஏற ஏற, அப்பணிக்குரிய இயல்பு குன்றியது. செக்கோஸ்லோவாக்கியாவில் 1955-இல் தொடங்கிய முயற்சியில், கார்பேத்திய ஓநாய்க்கும் ஜெர்மன் மேய்ப்பு நாய்க்கும் 1958-இல் முதற்குட்டிகள் பிறந்தன. எல்லைக் காவலுக்குரிய நாயை உருவாக்குவது அங்கு நோக்கமாயிற்று. அவ்வினம் உலக நாய் வளர்ப்புக் கூட்டமைப்பின் முழு அங்கீகாரத்தைப் பெற்றது 1999-இல்தான். தேர்ந்த வல்லுநர்களுக்கே நாற்பதாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்ட ஒரு வேலையை, ஒரு தனிமனிதர் தம் முற்றத்தில் இரண்டே ஆண்டுகளில் முடிக்க எண்ணுகிறார்.

ஆசிரியர்கள் வகுப்பில் வற்புறுத்த வேண்டிய வேறுபாடு ஒன்று இங்கு உண்டு. ஒரு விலங்கைப் பழக்குவது வேறு; ஓர் இனத்தை வீட்டு விலங்காக்குவது வேறு. முன்னது ஓர் உயிரின் வாழ்நாளோடு முடிவது. பின்னது பரம்பரையில் பதிவது. சோவியத் விஞ்ஞானி திமித்ரி பெலியாயெவ் 1959-இல் நோவோசிபிர்ஸ்க் நகரில் வெள்ளி நரிகளைக் கொண்டு இதனை ஆராயத் தொடங்கினார். மனிதனை அஞ்சாத, மனிதனிடம் சீறாத நரிகளை மட்டுமே தலைமுறைதோறும் தேர்ந்து இனம் பெருக்கினார். பத்துத் தலைமுறைகளுக்குள் வாலாட்டும் நரிக்குட்டிகள் தோன்றின. (அந்நரிகளின் முன்னோர் ஏற்கெனவே பண்ணையில் வளர்ந்தவை என்ற மறுப்பு பின்னர் எழுந்தது, அதனையும் மாணவர்க்குச் சொல்லுதல் நன்று.) நாய் விஷயத்தில் இத்தேர்வு பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் நடந்திருக்கிறது.

புடாபெஸ்ட் நகரின் ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தார் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் தெளிவானது. மனிதர் கையில் பாலூட்டி வளர்த்த ஓநாய்களும், அவ்வாறே வளர்ந்த நாய்களும் இறைச்சியை வெளியே எடுக்கக் கற்றுக்கொண்டன. பிறகு, எவ்வளவு முயன்றாலும் எடுக்க இயலாதபடி அது மாட்டி வைக்கப்பட்டது. நாய் சற்று முயன்றபின் திரும்பி மனிதனின் முகத்தைப் பார்த்தது. ஓநாய் அவ்வாறு பார்ப்பது அரிதாகவே இருந்தது. அது தன் முயற்சியையே தொடர்ந்தது. நாம் நாயுடன் நடத்தும் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு பார்வையின்மேல் நிற்கிறது. அதட்டினால் நிற்பதும், கைகாட்டினால் வருவதும், குழந்தை காதைப் பிடித்து இழுத்தால் நம்மை நோக்கி முறையிடுவதும் அதன் விளைவுகளே. கலப்பு நாய்க்குட்டியிடம் அந்தப் பார்வை எந்த அளவில் அமைந்திருக்கும் என்பதை, விற்பவர் எழுதித் தரும் சதவீதக் கணக்கைக் கொண்டு அறிய முடியாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளும் அது வேறுபடும்.

குட்டிப் பருவத்தில் தொல்லை தெரிவதில்லை. ஆபத்து தோன்றுவது பருவமெய்தும்போது. ஓநாய் சுமார் இரண்டு வயதில் முதிர்ச்சி பெற்று, கூட்டத்தில் தன் நிலையை நாட முற்படுகிறது. ஆறு மாதத்தில் மடியில் உறங்கிய குட்டி, இரண்டு வயதில் உணவுக் கலத்தை அணுகுவோரைப் பல்லைக் காட்டி எச்சரிக்கலாம். ஓடும் சிறுவனையும் துள்ளும் ஆட்டுக்குட்டியையும் இரையென்று துரத்தும் தூண்டுதல் எழுந்தால், வளர்த்தவரின் குரல் அதன் காதில் ஏறாது. அது சினமோ வஞ்சமோ அன்று, அதன் இயல்பு.

கும்பளங்கியின் நிலையில் வைத்து இதனை எண்ணிப் பார்க்கலாம். நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் சுற்றித் திரியும் மரபில் வந்த விலங்குக்கு, அங்கே கிடைப்பது காயலுக்கும் வேலிக்கும் இடையிலுள்ள சிறு முற்றம். குளிர்நாட்டு இனத்தின் அடர்ந்த உரோமத்துக்கு அங்குள்ள புழுக்கம் ஓயாத வாதை. வேலிக்கு அப்பால் அண்டை வீட்டாரின் கோழிகளும் வாத்துகளும் திரியும். ஒற்றையடி வரப்புகளில் பள்ளிக் குழந்தைகள் நடப்பர். கட்டிப்போட்டால் நாய்க்குத் துன்பம். அவிழ்த்துவிட்டால் ஊருக்குத் துன்பம். நாயின்மேல் உண்மையான விருப்பம் உடையவருக்கு நம் நாட்டில் குறைவில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை இனங்களைக் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முறைப்படி பதிவு செய்திருக்கிறது. அவையும் ஓட இடம் கேட்பவைதாம்; ஆனால் வெப்பத்தைத் தாங்குபவை, மனிதனின் முகத்தைப் பார்ப்பவை.

கலப்பினால் ஓநாய்க்கு விளையும் கேடு அதிகம் பேசப்படுவதில்லை. இந்திய ஓநாய்கள் இன்று ஏறத்தாழ 3,000 அளவிலேயே எஞ்சியுள்ளன எனக் கணிக்கப்படுகிறது. மகாராஷ்டிரத்தில் புனே நகரை அடுத்த புல்வெளிகளில் விசித்திரமான நிறமுடைய ஓநாய்கள் காணப்பட்டு, அவற்றின் மரபணு ஆராயப்பட்டது. அவை நாய்க் கலப்புடையவை என்பது 2023-இல் உறுதியாயிற்று. அங்கே எவரும் வேண்டுமென்று கலக்கவில்லை. கட்டுப்பாடின்றித் திரியும் நாய்கள் ஓநாயின் நிலத்தில் புகுந்ததன் விளைவு அது. ஓநாய்கள் சிலவாகவும் நாய்கள் பலவாகவும் உள்ள இடத்தில், ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காமலே ஓநாய் இனம் கரைந்து போகலாம். கலப்பு நாய்க்குச் சந்தை பெருகினால், ஓநாய்க் குட்டியைக் குகையிலிருந்து திருடுவோரும் தோன்றுவர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓநாய் முதல் அட்டவணையில் உள்ளது. அதனைப் பிடித்தல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதைக் களப்பணியாளர்கள் தயக்கமின்றி எடுத்துச் சொல்லலாம்.

மத்திய கால்நடை பராமரிப்பு அமைச்சகம் 2024 மார்ச் மாதத்தில் 23 வகை நாய்களை ஆபத்தானவை என்று குறித்து, அவற்றிற்கு உரிமம் வழங்க வேண்டாமென மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஓநாய்க் கலப்பு நாயும் அப்பட்டியலில் இருந்தது. தொடர்புடையோரைக் கேளாமல் வெளியிட்டது முறையன்று எனக் கூறி, கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரல் மாதத்தில் அதனை ரத்து செய்தது. ராட்வைலரையும் ஓநாய்க் கலப்பையும் ஒரே வரிசையில் வைத்தது விஞ்ஞான நோக்கிலும் பொருந்தவில்லை என்பேன். ராட்வைலர் எவ்வளவு வலியதாயினும் நாயே. அதன் குணம் பெரிதும் வளர்ப்பைப் பொறுத்தது. கலப்பு நாயைப் பற்றிய வினா வேறு. அதற்குத் தனி விதி வேண்டும். நீதிமன்றம் குறை கண்டது நடைமுறையில். கலப்பு நாய் தீங்கற்றது என்று அது சான்று வழங்கிவிடவில்லை.

இறுதியாக, வெறிநோய் பற்றி ஒரு சொல். நாய் அல்லது பூனை கடித்தால், சிகிச்சையைத் தொடங்கிவிட்டு அப்பிராணியைப் பத்து நாட்கள் கவனித்து வருவது வழக்கம். பத்து நாட்களுக்குப் பின்னும் அது நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் நோய்க்கிருமி இல்லை என்று கொள்ளலாம். இக்கணக்கு நாய்க்கும் பூனைக்கும் சோதித்து அறியப்பட்டது. ஓநாய்க் கலப்புக்கு அன்று. அமெரிக்காவிலும் கலப்பு நாய்க்கென அங்கீகரிக்கப்பட்ட வெறிநோய்த் தடுப்பூசி இல்லை. நாய்க்குரியதையே போடுகின்றனர், அதன் பலனுக்கு உறுதி கூறுவோர் இல்லை. ஆகவே இத்தகைய பிராணி கடித்ததாகத் தெரிந்தால், "வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே" என்னும் சமாதானத்தை ஏற்றுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவச் செய்து, அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக. கடித்தது கலப்பு நாய் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், காட்டு விலங்கின் கடியாகக் கருதி, தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலினும் செலுத்த மருத்துவருக்கு அது உதவும்.