பேரில்லாத மெடல்

லீவுக்குக் காரைக்கால் போனப்ப பழைய சாமான் கடையில ஒரு வெண்கலச் சிலுவை சிக்கிச்சு. குறுக்கே ரெண்டு வாள். க்ருவா த கேர், 1921-ல வந்த வெளிநாட்டுப் போர்முனை வகை. 1946-54 இந்தோசீனா சண்டைக்கும் இதைத்தான் குடுத்தாங்க. நம்மூர் சொல்தா யாரோடதாவது இருக்கும்னு ஆசையா வாங்கிட்டேன்.

வீட்ல வந்து பார்த்தா பேரே இல்ல! பிரிட்டிஷ்காரன் முதல் உலகப்போர் மெடல் விளிம்புல சிப்பாய் பேர், நம்பர் எல்லாம் பொறிச்சிருப்பான். பிரெஞ்சு சிலுவைக்கு, கூட வர்ற காகிதத்துலதான் பேர். காகிதம் குப்பைக்குப் போயிடுது, மெடல் எடைக்கு வருது.

விக்கிறது தப்பில்லீங்க, அவங்க கஷ்டம் அவங்களுக்கு. யாரோடதுன்னு கேக்காம வாங்கறோமே, அதான் தப்பு. நானும்தான் கேக்கல. காரைக்கால் மக்கா, பீரோவுல இருந்தா தாத்தா பேரை ஒரு சீட்டுல எழுதிக் கூடவே வைங்க.

மறுநாள் கடைக்காரர்கிட்ட போய்க் கேட்டேன். "மூட்டையோட வந்துச்சு தம்பி"ன்னாரு.