எந்த மீன் துள்ளுகிறது?

“ஆற்றில் மீன் துள்ளுகிறதே, பிறகு எப்படித் தண்ணீர் கெட்டுவிட்டது என்கிறீர்கள்?” ஆற்று மாசு பற்றிய பேச்சில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். நியாயமான கேள்விதான். ஆனால், துள்ளுவது எந்த மீன் என்றும் பார்க்க வேண்டும். தலையை வெளியே நீட்டிக் காற்றைக் குடிக்கும் விராலுக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் கவலையில்லை. ஜிலேபி கெண்டை எதையும் தாங்கும். இந்த மூன்று மட்டுமே மிஞ்சியிருக்கும் ஆறு, மீன் இருந்தும் நோயுற்ற ஆறுதான்.

நம் ஆறுகளின் நலத்தை இன்று பெரும்பாலும் பாட்டிலில் பிடித்த நீரை வைத்தே முடிவு செய்கிறோம். மாதத்தில் ஒரு நாள் காலையில் பிடித்த நீர், அந்தக் காலையைப் பற்றி மட்டுமே சொல்லும். முந்தைய வாரம் மழையோடு மழையாக யாராவது கழிவைத் திறந்துவிட்டிருந்தால், அது பாட்டிலுக்குத் தெரியாது. ஆற்றின் அடியில் வாழும் பூச்சிகளுக்குத் தெரியும்.

ஓடும் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். வயிற்றின் இருபுறமும் இறகு போன்ற செவுள்கள் துடிக்க, வால் இழைகளோடு ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தால், அது மேஃப்ளையின் இளம்பருவம். சிறகு முளைத்தபின் ஓரிரு நாள் மட்டுமே வாழும் இந்தப் பூச்சி, அதற்கு முன் வாரக்கணக்கில், சில இனங்கள் மாதக்கணக்கில், நீருக்குள்தான் இருக்கிறது. இதில் பல இனங்கள் கழிவு கலந்த உடனேயே மறைந்துவிடும். மாறாக, சேற்றில் சிவப்பாக நெளியும் கைரோனமஸ் புழு மலிந்திருந்தால், அங்கே ஆக்சிஜன் குறைவு என்று ஊகிக்கலாம். நம் ரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் அதன் உடலிலும் உண்டு. மூச்சுத் திணறும் இடத்திலும் பிழைப்பது அதனால்தான். வண்ணமீன்களுக்கு இரையாக விற்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுவும் அப்படியே.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியில் ஆய்வாளர்கள் கோல்க்விட்ஸும் மார்சனும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, எந்த உயிர் எவ்வளவு கழிவைத் தாங்கும் என்று வகைப்படுத்தினார்கள். பிரிட்டன் 1970-களில் பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்தது. 2000-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய நீர்ச் சட்டகத்தில், பாசி, நீர்த்தாவரம், அடிநில உயிர்கள், மீன் ஆகியவைதான் ஆற்றின் தரத்தைத் தீர்மானிக்கும் முதன்மைச் சான்றுகள். வேதியியல் அளவுகள் துணைக்கு வருபவை.

இந்தியாவிலும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உயிரியல் நீர்த்தர அளவுகோல் ஒன்றை வகுத்து வைத்திருக்கிறது. நீரடி உயிர்களின் மதிப்பெண்ணையும் பன்மையையும் சேர்த்து ஐந்து வகுப்புகள். ஆனால் எந்த ஆறு மாசடைந்தது என்று நாட்டுக்கு அறிவிக்கும்போது அது மேசைக்கு வருவதில்லை. 2018-இல் 351, 2022-இல் 311 என்று வாரியம் வெளியிட்ட மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியல், பிஓடி எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை வைத்துப் போடப்பட்டது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் பட்டியலில் இடம், குறைந்தால் விடுதலை.

பிஓடி சாக்கடையை நன்றாகப் பிடிக்கும். உப்பைப் பிடிக்காது. திருப்பூரின் நொய்யல் அதற்கு நம் கண்முன் உள்ள சாட்சி. சாயத்துக்குப் போட்ட உப்பெல்லாம் ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்தைக் கெடுத்து, 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு முற்றியது. மணல் அள்ளுவதும் பிஓடி எண்ணில் தெரியாது. மணலை வாரிவிட்டால் அயிரைக்குப் புதைந்துகொள்ள இடமில்லை. தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதனால் என்ன பயன்? பூச்சிக்கொல்லி கலந்தாலும், அணை மூடி ஓட்டம் நின்றாலும், அடிநில உயிர்களின் கணக்கில் அது தெரியும்.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. உயிர்கள் ஏதோ கெட்டிருக்கிறது என்று சொல்லுமே தவிர, கெடுத்தது குரோமியமா பூச்சிக்கொல்லியா என்று சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். பிரிட்டிஷ் மதிப்பெண்ணை அப்படியே வைகைக்குப் போடவும் முடியாது. கோடையில் வறண்டு, பருவமழையில் புரண்டோடும் ஆறுகள் நம்முடையவை. இன்னும் கெடாத மேலோடையை அளவாக வைத்து, கீழே எத்தனை குடும்பங்கள் குறைந்தன என்று பார்ப்பதே நமக்குப் பொருந்தும்.

அதற்கான அடித்தளம் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. குற்றாலத்தின் பெயரைத் தாங்கிய ‘பீட்டர்சுலா கூர்டாலென்சிஸ்’ என்ற மேஃப்ளையை 1984-இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர், மதுரைக் கல்லூரியின் விலங்கியலாளர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன். அப்படி ஆண்டுக்கணக்கில் பூச்சிகளைத் தேடித் திரட்டிய அறிவு ஆய்விதழ்களில் கிடக்கிறது. இனம் வரை அடையாளம் காண வல்லுநர் தேவை. குடும்பம் வரை காண, இளங்கலை விலங்கியல் மாணவருக்குச் சில வாரப் பயிற்சி போதும். தென்னாப்பிரிக்காவில் ‘மினிசாஸ்’ என்ற எளிய முறையில் பள்ளிப் பிள்ளைகளே 13 உயிர்க் குழுக்களைப் பார்த்து ஓடைக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

ஆற்றங்கரை ஊர்க் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளிடம் ஆளுக்கு ஓர் ஆற்றுப் பகுதியை மாநில அரசு ஒப்படைக்கலாம். ஒரு கைவலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு லென்ஸ் போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நீர் தெளிந்து, ஓட்டம் சீராகும் தை மாசியில் முதல் கணக்கை எடுக்கலாம். வெயில் ஏறி நீர் சுருங்கும் முன் பங்குனியில் இரண்டாவது. அந்த எண்ணை பிஓடிக்குப் பக்கத்திலேயே, அதே பட்டியலில் அச்சிட வேண்டும்.