மொத்த எடை என்னும் மயக்கம்: இரட்டைநிலை டிரிகர்களை எவ்வாறு ஒப்பிடுவது?

விளையாட்டு ரைஃபிள்களுக்கென்று தனியே விற்கப்படும் இரட்டைநிலை டிரிகர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இழுப்பெடை எவ்வளவு?” எண் குறையக் குறையத் தரம் கூடும் என்னும் நம்பிக்கை பயிற்சி மாணவரிடையே வேரூன்றியுள்ளது. இந்நம்பிக்கை இயந்திரவியல் நோக்கில் பிழையானது. எளிய குடும்பத்து மாணவருக்கு வீண்செலவு வைப்பது. பாதுகாப்புக்கும் ஊறு விளைவிப்பது என்பதே என் கருத்து.

முதலில் அமைப்பைக் காண்போம். ஒற்றைநிலை டிரிகரில் விரல் பட்டவுடனேயே முழு எதிர்ப்பும் எதிர்கொள்ளும். இரட்டைநிலையிலோ, விரல் முதலில் மென்மையான சுருள்வில்லை எதிர்த்துச் சிறிது தொலைவு நகரும்; பிறகு தெளிவானதொரு தடை தட்டுப்படும். சுடுபவர் அங்கே நின்று, குறியை உறுதிசெய்து, மேலும் சற்றே அழுத்தினால் கொக்கி விடுபடும். ஓய்வில் இருக்கும்போது கொக்கி ஆழமாகக் கவ்வியிருக்கிறது. முதல் நிலையின் நகர்வில் அக்கவ்வல் குறைகிறது. எனவே ஓய்வில் பாதுகாப்பும் இறுதியில் குறுகிய விடுவிப்பும் ஒருங்கே கிடைக்கின்றன. லீ-என்ஃபீல்டு, மவுசர் போன்ற பழைய இராணுவ ரைஃபிள்களிலேயே இவ்வமைப்பு உண்டு.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். அமெரிக்கச் சந்தையில் பெயர்பெற்ற கைஸ்லி நிறுவனத்தின் இரண்டு டிரிகர்களை எடுத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்ஏ வகையின் மொத்த இழுப்பெடை 4.5 பவுண்டு, எஸ்எஸ்ஏ-இ வகைக்கு 3.5 பவுண்டு. மொத்தத்தை மட்டும் பார்த்தால் குறைவு ஏறத்தாழ 22 விழுக்காடு. பிரித்துப் பார்த்தால் கதை வேறு. முதல் நிலை 2.5 பவுண்டிலிருந்து 2.3 ஆக மட்டுமே குறைகிறது. இரண்டாம் நிலையோ 2 பவுண்டிலிருந்து 1.2 ஆக, அதாவது 40 விழுக்காடு குறைகிறது. குறியைக் கலைக்கக்கூடிய கணம் இரண்டாம் நிலையில்தான் இருக்கிறது. அங்கே நிகழும் மாற்றத்தை மொத்த எண் பாதியளவுக்கு மறைத்துவிடுகிறது. இவை ஒலிம்பிக் களத்துக்குரிய கருவிகள் அல்ல. ஆயினும் ஒப்பிடும் முறைக்கு நல்ல பாடம்.

ஒலிம்பிக் களத்திலும் இதே பாடம் உண்டு. 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு இழுப்பெடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு அத்தகைய கீழ்வரம்பே இல்லை. எனினும் உயர்நிலை வீரர்கள் விரலால் உணரத்தக்க ஒரு தடையை வைத்துக்கொள்கிறார்கள். இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்; குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012ஆம் ஆண்டு லண்டனில் வெண்கலம் வென்றதும் இச்சிறு வட்டத்தை நோக்கித்தான். அங்கே தேவைப்படுவது எடையின்மை அன்று. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் விடுபடும் சீர்மை.

இதை விளக்க நகரிக்காரருக்கு நூல் எதுவும் தேவையில்லை. பாவின் இழுவிசை குறைவாக இருந்தால் நல்ல துணி கிடைக்கும் என்று எந்தத் தறிக்காரரும் சொல்லமாட்டார். சீராக இருக்க வேண்டும் என்பார். ஓரிடத்தில் தளர்ந்து ஓரிடத்தில் இறுகினால் குறை துணியில் தெரியும். டிரிகருக்கும் அதுவே நியதி.

ஆகவே என் முன்மொழிவு எளியது. கல்லூரிகளிலும் பயிற்சி மையங்களிலும், பயிற்றுநர் முன்னிலையில், குண்டு இல்லாத ரைஃபிளில், சுருள்வில் தராசு கொண்டு ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே குறைந்தது பத்து முறை அளக்க வேண்டும். சராசரியோடு திட்டவிலக்கத்தையும் எழுத வேண்டும். ஒரு டிரிகர் 98 முதல் 102 கிராமுக்குள்ளும், மற்றொன்று 80 முதல் 120 கிராமுக்குள்ளும் விடுபடுவதாகக் கொள்வோம். இரண்டின் சராசரியும் 100 ஆகலாம், இரண்டும் ஒன்றல்ல. தடையில் நின்று விரலைத் தளர்த்தினால் கொக்கி பழைய ஆழத்துக்கு முழுமையாகத் திரும்புகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். திரும்பாத டிரிகர் எவ்வளவு மென்மையானதாயினும் ஒதுக்கத்தக்கதே.

ஒருவர் கேட்கலாம்: மென்மையான டிரிகரால் புள்ளி கூடுவதில்லையா? தேர்ந்த விரலுக்குக் கூடலாம். தொடக்கநிலை மாணவருக்கோ, தடையை உணரும் முன்பே குண்டு போய்விடுகிறது. தன் பிழை எங்கே நிகழ்ந்தது என்று அவரால் அறிய இயலாது. அறிய இயலாத பிழையைத் திருத்தவும் இயலாது. மேலும், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் முதலிய நிறுவனங்களின் போட்டி ரைஃபிள்கள் சரிசெய்யத்தக்க டிரிகரோடுதான் வருகின்றன. இருப்பதைச் சரியாக அமைத்துத் தராமல் புதியதை வாங்கச் சொல்வது, தறிக்கூலியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோரின் தலையில் கடனை ஏற்றுவதாகும்.

எண்ணைக் கண்டவுடன் நம்பாமல், அது எதை அளக்கிறது என்று கேட்பதே ஆய்வின் முதற்படி. வகுப்பறையில் நாம் வற்புறுத்தும் இந்நெறியைப் பயிற்சிக்களத்தின் வாசலில் கழற்றிவைக்க வேண்டியதில்லை. அளந்து பார்த்த நண்பர்கள், தங்கள் தரவு என் கருத்துக்கு மாறாக இருப்பினும், இங்கே பகிருமாறு வேண்டுகிறேன்.