கழித்துவிட்ட புத்தகங்கள்

போன மாதம் ஒரு கல்லூரி நூலகத்தின் வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிள்ளையின் மேல் தப்பில்லை. "ஐயா, ஐடி கார்டு இருந்தா ஸ்கேன் பண்ணிட்டுப் போகலாம். வெளியாளுங்களுக்கு பிரின்சிபல் பர்மிஷன் வேணும்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். இதே கல்லூரி ஆபீசில் எட்டு வருஷம் நாற்காலி தேய்த்தவன் நான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை அது.

நான் போனது ஒரு புத்தகத்துக்காக. என் பள்ளித் தோழர் ஒருவர் இங்கே வக்கீல். எங்கள் வயசுக்காரர்கள் இன்னும் அவரை 'அவொக்கா' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பாகப்பிரிவினை வழக்கு அவரிடம் வந்திருக்கிறது. ஒரு கிளையின் பாட்டனார் 'ரெனோன்சா'. மற்றக் கிளை அப்படியில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 1881-இல் வந்த ஓர் ஆணையின்படி, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். துறந்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லப்போர்த்' ஆனது அப்படித்தான். துறக்காத கிளைக்கு எந்த வழக்கம் செல்லும், சுவீகாரம் செல்லுமா என்று பார்க்க வேண்டுமானால் பழைய பிரெஞ்சுச் சட்ட நூல்களைப் புரட்ட வேண்டும்.

அதற்கென்றே ஒரு நூல் உண்டு. 1827-இல் பிரெஞ்சு அரசு, உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. கோர்ட்டுக்கு வழக்கம் தெரியாத இடத்தில் குழுவைக் கேட்கும். குழு பதில் எழுதி அனுப்பும். அந்தப் பதில்களையெல்லாம் தொகுத்து லியோன் சோர்க் என்பவர் 1897-இல் இங்கேயே அரசு அச்சகத்தில் அச்சிட்டார். நம் ஊர் செட்டியார்களும் முதலியார்களும் பிள்ளைகளும் எந்த வழக்கத்தை ஒப்புக்கொண்டார்கள், எதைத் தள்ளினார்கள் என்பதற்குச் சாட்சி அது. "அது எங்கேய்யா கிடைக்கும்?" என்று அவொக்கா கேட்டதும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. ஏனென்றால் அந்தப் புத்தகத்தைக் கழித்துவிட ஜாபிதா எழுதியவன் நான்.

1984 என்று நினைவு. கல்லூரி நூலகத்தில் இடம் போதவில்லை. புதிய பாடப் புத்தகங்கள் கட்டுக் கட்டாகத் தரையில் கிடந்தன. பின்பக்க அறையில் நான்கு அலமாரி நிறைய பிரெஞ்சுப் புத்தகங்கள். 1954-க்குப் பிறகு ஏதோ ஒரு பழைய அலுவலகத்தைக் காலி செய்தபோது வந்து சேர்ந்தவை என்று பியூன் சொன்னார். கமிட்டி போட்டார்கள். மூன்று பேர். மூவருக்கும் பிரெஞ்சு தெரியாது. "நீங்கதான் பிரெஞ்சு ஸ்கூல்ல படிச்சவராச்சே, தலைப்பு மட்டும் எழுதிக் கொடுங்க" என்று என்னிடம் தள்ளினார்கள். இரண்டு வாரம் சாயங்காலத்தில் உட்கார்ந்து எழுதினேன். வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், வருஷம். கடைசிப் பத்தி 'கழிக்கக் காரணம்'. அதில் என்ன போடுவது என்று கேட்டேன். "படிப்பார் இல்லைன்னு போட்டு கீழே 'மேற்படி'ன்னு இழுத்துடுங்க." இழுத்துவிட்டேன்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் பகுதிகளை ஜூலியன் வேன்சோன் மொழிபெயர்த்து 1894-இல் வெளியிட்டாரே, அது அதில் இருந்தது. சோர்க்கின் நூல் இருந்தது. பழைய அரசிதழ்த் தொகுப்புகள் இருந்தன. இதெல்லாம் முக்கியமானவை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அப்போது நான் எல்.டி.சி.; யு.டி.சி. பிரமோஷன் வர வேண்டிய நேரம். பேப்பர்காரர் தராசோடு வந்தார். அட்டை கனமாக இருக்கிறது என்று கிழித்துத் தனியாக எடை போட்டார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த ஊரில் நூலகம் என்பது நேற்று வந்த விஷயமில்லை. கவர்னர் தெபசேன் தெ ரிஷ்மோன் 1826-இல் கல்லூரி திறந்தார். பிற்பாடு 'லிசே' என்று நாம் அழைத்தது அதைத்தான். அடுத்த வருஷமே பொது நூலகமும் திறந்தார். ரொமேன் ரொலான் நூறாவது ஆண்டில், 1966-இல், அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட நூலகம் அதுதான். சென் லூயி வீதியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. பனையோலையைக் காப்பாற்றி உலகத்துக்குக் காட்டிய ஊர், தன் வீட்டுக் காகிதத்தைக் கிலோ கணக்கில் போட்டது. முழுக்க மற்றவர்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

இப்போதைய கல்லூரி நூலகங்களைக் குறை சொல்லவில்லை. என் பேத்தி காட்டினாள். கைபேசியிலேயே எந்த அலமாரியில் எந்தப் புத்தகம் என்று தெரிகிறது. என்-லிஸ்ட் என்ற திட்டத்தில் கடவுச்சொல் போட்டு ஆயிரக்கணக்கான மின்னிதழ்களைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கிறார்கள். ஷோத்கங்காவில் நாட்டின் ஆய்வேடுகள் யாருக்கும் இலவசம். கல்லூரி அட்டையில்லாத எனக்கும்தான். இதெல்லாம் நாங்கள் கனவிலும் காணாதது. ஆனால் உள்ளே இருக்கிற நாற்காலிகள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் காலியாகக் கிடக்கின்றன, வெளியே நான் நிற்கிறேன். அரசுப் பணத்தில் வாங்கிய புத்தகத்தை, அதே அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் உட்கார்ந்து படிக்கக் கூடாதா? வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்கவில்லை. முன்பணம் கட்டச் சொன்னால் கட்டுகிறோம்.

நூலகர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஃபைல் பார்த்தவன் ஆயிற்றே. ஸ்டாக் வெரிஃபிகேஷனில் குறைந்தால் அவர் தலையில் விழும். ஓய்வு பெறும்போது 'பாக்கி இல்லை' சான்று வராது, கிராஜுவிட்டி நிற்கும். அதனால் பூட்டிய அலமாரிதான் பத்திரம் என்று நினைக்கிறார்கள். ஆனால் விதி அத்தனை கடுமையானதில்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகளை எடுத்துப் பாருங்கள். ஒரு வருஷத்தில் படிக்கக் கொடுத்த ஆயிரம் புத்தகத்தில் 5 தொலைந்தால், அதில் மோசடியோ கவனக்குறைவோ இல்லையென்றால், நியாயமான இழப்பு என்றே எழுதியிருக்கிறது. புத்தகம் புழங்கினால் கொஞ்சம் தொலையும் என்று விதி எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது. அதே விதியில் இன்னொன்றும் உண்டு: அரிய நூல் தொலைந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விசாரிக்க வேண்டும். ஒரு அரிய புத்தகம் தொலைந்தால் விசாரணை. நான்கு அலமாரியைக் கமிட்டி போட்டுக் கழித்தால் விசாரணை இல்லை!

சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்பட என்பதுதான். காரைக்காலிலிருந்து கூப்பிடு தூரத்துக்காரர்!

என் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை. எந்தக் கல்லூரியும் பழைய புத்தகங்களைக் கழிக்கும் முன் ஜாபிதாவை ஒரு மாதம் வாசலில் ஒட்டட்டும். ரொமேன் ரொலானுக்கும் ஆய்வு நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். பிரெஞ்சோ தெலுங்கோ வடமொழியோ, அந்த மொழி தெரிந்த ஒருவர் கமிட்டியில் இருக்கட்டும். ஊரில் எங்களைப் போன்ற கிழங்கள் இன்னும் கொஞ்சம் பேர் மிச்சம் இருக்கிறோம். பஸ் காசுகூட வேண்டாம், வந்து பார்த்துச் சொல்கிறோம். ஆனால் சீக்கிரம் கூப்பிட வேண்டும்.

அவொக்காவை ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பிரின்சிபலுக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தபால் பிரிவில் இருந்த பெண் முத்திரை குத்தி, நம்பர் போட்டு, நகலைக் கையில் கொடுத்தாள். கடிதத்தோடு ஒரு புத்தகத்தையும் திருப்பிக் கொடுக்க முயன்றேன். அன்றைக்குப் பேப்பர்காரரிடம் எடைக் காசு கொடுத்து நான் எடுத்துக்கொண்ட வேன்சோன் புத்தகம். முதல் பக்கத்தில் கல்லூரி முத்திரை, அதன் மேல் 'கழிக்கப்பட்டது' முத்திரை, பக்கத்தில் என் இனிஷியல். "கழிச்ச புத்தகத்தைத் திரும்பச் சேர்க்க விதி இருக்கான்னு பார்த்துச் சொல்றோம் ஐயா" என்றாள். மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.